தம்பி, செருப்பைக் கழட்டிப்போட்டுக் கேள்

வா மோனை, இரு. உந்த மூண்டு கால் ஸ்டாண்டை வேப்பமரத்துக்கு அங்கால வை. கழுதை வந்தால் தட்டிப்போடும். மன்னார்க் கழுதைக்கு ஆராய்ச்சி விளங்காது. மறைஞ்சுபோன மாதோட்டப் பாங்குக் கூத்தின்ர ஆட்டத்தை மீளுருவாக்கம் செய்யப்போறன், அசல் அடியைக் காட்டுங்கோ அப்பு எண்டு கேட்டாய். மெத்தச் சந்தோசம். கன காலமா என்ரை காலைப் பற்றி விசாரிக்கிறது சீனிவருத்தக் கிளினிக்கில இருக்கிற நேர்சுப் பிள்ளை மட்டும்தான்.

அசல் எண்ட சொல்லை மட்டும் பிளேன்ரீ குடிச்சு முடியுமட்டும் வாயில எடுக்காதை. எடுத்தால் எனக்குச் சிரிப்பு வரும், சிரிச்சால் இருமல் வரும், இருமினால் நீ அதையும் பதிஞ்சுபோடுவாய்.

வெள்ளைக்காரர் தங்கட பழைய ரீல் ஆட்டங்களைப் புத்தகத்தைப் பாத்தே திருப்பி எடுத்திட்டினம், நாங்கள் ஏன் எடுக்கேலாது எண்டாய். நல்ல கேள்வி. அவை எப்பிடி எடுத்தவை எண்டதையும் கேட்டுப்போட்டு வந்திருக்கலாம். நான் கடலுக்குப் போனவன்தான். ஆனால் வாடைக்காத்து அடிக்கிற மாசங்களில கடல் விடாது, வாசிகசாலை விடும். அதாலை உனக்கு ரெண்டு கதை சொல்லலாம்.

1651இல லண்டனில ஜோன் பிளேபோட் எண்டு ஒரு இசைப் புத்தக யாவாரி. டெம்பிள் தேவாலயத்து வாசலடியில கடை. ராசாவின்ர தலையை வெட்டி ரெண்டு வருசம். நாடகக் கொட்டகையளைப் பூட்டிக் கிடக்கு. அந்த நேரம் பாத்து மனுசன் ஆட்டப் புத்தகம் அச்சடிச்சு விக்கிறார். யாவாரி எண்டால் அவர் யாவாரி! 105 ஆட்டம். ஒவ்வொண்டுக்கும் மெட்டு இருக்கு. ஆம்பிளை நிக்கிற இடத்துக்குப் பிறை, பொம்பிளை நிக்கிற இடத்துக்கு வட்டம் எண்டு குறி போட்டிருக்கு. ஆர் ஆரைச் சுத்திப் போறது, எப்ப கை பிடிக்கிறது, எப்ப விடுறது எல்லாம் எழுதியிருக்கு. அடி? டபிள் எண்டால் நாலு எட்டு வைச்சுக் காலைச் சேக்கிறது, சிங்கிள் எண்டால் ரெண்டு எட்டு. அவ்வளவோட சரி. குதிக்கிறதோ, வழுக்கிறதோ, குதிக்கால் முதலோ நுனிக்கால் முதலோ, ஒரு சொல் இல்லை.

மனுசன் கஞ்சத்தனத்தில விட்டதெண்டு நினையாதை. புத்தகம் வாங்கினவைக்கெல்லாம் அடி தெரியும், ஒழுங்குதான் மறக்கும். ஒடியல் கூழுக்கு மா எவ்வளவு, புளி எவ்வளவு எண்டு உன்ரை ஆச்சி கொப்பியில எழுதி வைச்சாவே? எல்லாருக்கும் தெரிஞ்சதை ஆரும் எழுதிறேல்லை. பேந்து ஒருத்தருக்கும் தெரியாமல் போறதும் அதுதான்.

அந்தப் புத்தகத்தில ஹே எண்டு ஒரு பின்னல் வரும். மூண்டு பேரோ நாலு பேரோ ஒருத்தரை ஒருத்தர் ஒருக்கால் வலப்பக்கமாயும் ஒருக்கால் இடப்பக்கமாயும் கடந்து, நிலத்தில எட்டுப் போட்டுக்கொண்டு வாறது. வடக்கே ஸ்கொட்லாந்துப் பக்கம் ரீல் எண்டால் அதின்ர உயிர் இந்தப் பின்னல்தான். ஆர் எந்தப் பக்கத்தால போறது எண்டு தாளில இருக்கு. எத்தினை அடியில போறது எண்டு கேட்டால், தாள் ஊமை.

இனி மற்றக் கதை. 1899 நத்தாருக்கு அடுத்த நாள், ஒக்ஸ்போட்டுக்குக் கிட்ட ஹெடிங்டன் குவாரி எண்ட ஊர். பனிக்காலம், கட்டட வேலை இல்லை, நாலு காசு கிடைக்கட்டும் எண்டு ஊர்ப் பொடியள் காலில மணி கட்டி மொரிஸ் ஆட்டம் ஆடிக்கொண்டு வருகினம். கொன்சர்ட்டினா வாசிச்சவர் வில்லியம் கிம்பர், ஒரு மேசன். அந்த நேரம் அந்தப் பக்கம் தங்கியிருந்த செசில் ஷார்ப் எண்ட சங்கீத வாத்தியார் யன்னலுக்கால பாத்தார். பாத்தவருக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது. 1911இல நாட்டார் ஆட்டத்துக்கெண்டு சங்கம் தொடங்கினார். அதே வருசம் பிளேபோட்டின்ர பழைய ஆட்டங்களைப் பிரிச்செழுதி ஒரு புத்தகமும் போட்டார். எழுதாத அடிக்கு என்ன செய்தார் எண்டு கேள். கிராமங்களில உயிரோட கிடந்த ஆட்டத்தில தான் கண்ட நடையையும் ஓட்டத்தையும் எடுத்து, இருநூற்றைம்பது வருசத்துப் பழசுக்குக் காலாய்ப் பூட்டிவிட்டார். ஆடின சனத்துக்கு ஆனந்தம். பேந்து வந்த ஆராய்ச்சிக்காரருக்கு வேலை.

அவருக்கு ஒரு எதிராளியும் வாய்ச்சுது. லண்டனில தையல் வேலை செய்த பெட்டையளுக்கு ஆட்டம் பழக்கின மேரி நீல் எண்ட அம்மா. அடி சுத்தமா, முறையா இருக்கவேணும் எண்டு இவர்; சனம் சந்தோசமா ஆடினால் காணும் எண்டு அவ. ரெண்டு பேரும் வருசக்கணக்காப் பிடுங்குப்பட்டினம். உனக்கும் ஒரு எதிராளியைத் தேடிவை மோனை. இல்லாட்டி உன்ரை பிழையை ஒருத்தரும் வாசிக்காயினம்.

இவைக்கெல்லாம் முந்தி, 1589இல, பிரான்சில ஒரு சாமியார். ஆர்போ எண்டு புனைபேர். எழுபதைத் தொடப்போற வயசு. அவர் என்ன செய்தார், மெட்டை மேலயிருந்து கீழாய் எழுதி, ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்தில இப்ப இடதுகால், இப்ப வலதுகால், இப்ப பாய்ச்சல் எண்டு குறிச்சுவைச்சார். கேக்கிறதுக்கு ஒரு சீடனையும் கற்பனையில உண்டாக்கி, அவன் மொக்குக் கேள்வி கேக்க, இவர் பொறுமையா மறுமொழி சொல்லுறார். எனக்கு அந்தச் சாமியை நல்லாப் பிடிக்கும். எனக்குக் கற்பனைச் சீடன் தேவையில்லை, நீ இருக்கிறாய்.

வெள்ளைக்காரன் எங்கட கரையிலயும் இருந்தவன்தானே எண்டு நீ கேக்கமுதல் சொல்லிப்போடுறன். 1795இல இங்கிலீசுக்காரர் மன்னார்க் கோட்டையைப் பிடிச்சாங்கள். பேந்து தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பாக்கவெண்டு அரிப்பில கடற்கரை மேட்டில மாளிகை கட்டினார். அங்க விருந்து வைச்சு ரீல் ஆடியிருந்தாலும், அந்தக் காலடியைத் தேட நீ சுழியோட வேணும். மாளிகை இடிஞ்சு துண்டு துண்டாக் கடலுக்கை விழுந்துகொண்டிருக்கு.

இந்தத் தீவில அந்த மாதிரிச் சோடி ஆட்டம் உயிரோட பாக்க ஆசையெண்டால் மட்டக்களப்புக்குப் போ. அங்கத்தைப் பறங்கியர் கலியாண வீடுகளில கப்ரிஞ்ஞா ஆடுவினம், நாலு சோடி சேந்து. லான்சர்ஸ் எண்டும் ஒண்டு இருக்கு. லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஆக்கள் வந்து அவையின்ர போர்த்துக்கீசப் பேச்சோட பாட்டையும் ஆட்டத்தையும் பதிஞ்சுகொண்டு போனவை. அந்தப் படங்களைப் பார். ஆடுறவை ஒருத்தரும் காலைக் குனிஞ்சு பாக்கிறேல்லை. அதுதான் தெரிஞ்சவன்ர அடையாளம்.

இப்ப எங்கட வீட்டுக்கு வருவம். எங்கட வேதக்காரர் கூத்தில ரெண்டு பாங்கு எண்டு படிச்சிருப்பாய்: யாழ்ப்பாணப் பாங்கு எண்ட வடபாங்கு, மாதோட்டப் பாங்கு எண்ட தென்பாங்கு. நாடகம் எண்டால் ஒரு இரவில முடியாது. அதைச் சுருக்கி ஒரு இரவுக்கை அடக்கினால் வாசாப்பு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவில இருந்த காலத்தில ஊர் ஊராய்க் கிடந்த ஏடுகளைத் தேடி எடுத்துப் பதிப்பிச்சவர். 1964இல எண்டிறீக்கு எம்பரதோர், 1966இல மூவிராசாக்கள், 1967இல ஞானசவுந்தரி. அவர் அந்த நேரம் செய்யாட்டி, பேந்து வந்த சண்டையில, மடுக் கோயிலுக்கும் மண்டபம் முகாமுக்கும் சனம் ஓடின ஓட்டத்தில, அந்தக் கொப்பியளும் போயிருக்கும். ஓடுறவன் முதல்ல பிள்ளையைத் தூக்குவான், பேந்து அரிசிப் பையை. கொப்பியைத் தூக்கினவன் குறைவு.

ஆனால் அந்தப் புத்தகங்களை விரிச்சுப் பார். விருத்தம் இருக்கு, தரு இருக்கு, கட்டியகாரன் வரவு இருக்கு. பாட்டெல்லாம் வடிவாய் இருக்கு. ஆட்டம்? பிளேபோட்டின்ர கதைதான். அண்ணாவியார் கொப்பியில ராசா வரவு எண்டு எழுதினால் காணும். ராசா எப்பிடி வாறவர் எண்டு ராசாவுக்கும் தெரியும், மத்தளத்துக்கும் தெரியும், முன்வரிசைப் பாயில கிடக்கிற குஞ்சு குருமனுக்கும் தெரியும்.

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில ஆட்டம் எவ்வளவு தடிப்பம்! எங்கட பக்கம் ஆட்டம் மெலிஞ்சு பாட்டுத்தான் மிஞ்சினது. ஏனெண்டு கேட்டால் உன்ரை ஆக்கள் பெரிய பெரிய காரணம் சொல்லுவினம். நான் கண்டது ரெண்டு. ஒண்டு, சுருக்கிறவன்ர கத்தரிக்கோல். மூண்டு இரவை ஒரு இரவாக்கேக்க பாட்டை வெட்டினால் கதை அறுந்துபோம். அடியை வெட்டினால் ஒருத்தரும் கேக்காயினம். மற்றது, மைக். ஒரே ஒரு மைக்கைக் களரி நடுவில நட்டுவைச்சதோட மூண்டு ராச்சியத்து ராசாவும் அந்தக் கம்பியைச் சுத்திக் காவல் நிண்டினம். அங்கால இங்கால போனால் பாட்டுக் கேக்காது. சனம் பாட்டைத்தான் கேட்டுது. அப்பிடிப் பாத்தால் எங்கட ஆட்டத்தைக் கொண்டது ஒல்லாந்தனுமில்லை, இங்கிலீசுக்காரனுமில்லை. ஒலிபெருக்கிச் செற் வாடகைக்கு விட்டவன்.

பேசாலையில தவக்காலத்தில உடக்குப் பாஸ் பாத்தனியோ? அங்க ஆள் அளவுச் சுரூபங்களை அசைச்சுப் பாடுகள் காட்டுவினம். சுரூபம் அசையிற ஊருக்குப் பக்கத்தில ராசா சுரூபமா நிண்டால் வெக்கமில்லையோ எண்டு நான் ஒருக்கால் கேட்டன். அந்த வருசம் எனக்கு வேசம் தரேல்லை.

சரி, அடியை எங்க தேடுறது. நீ முதல்ல மட்டக்களப்புக்கு ஓடுவாய், தெரியும். ஓடு. ஆனால் அங்கயும் மேடைக்குக் கொண்டுவந்த அடியையும் களரியில கிடந்த அடியையும் பிரிச்சுப் பார். வித்தியானந்தன் 1962இல பேராதனைப் பிள்ளையளுக்குக் கர்ணன் போர் பழக்க, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கூட்டிக்கொண்டு போனவர். 1964இல இராவணேசன், மௌனகுரு ராவணனாய் நிண்டு ஆடினவர், பேந்து அந்த ஆட்டத்தையே படிச்சுப் பட்டமும் எடுத்துப் புத்தகமும் போட்டார். விடிய விடிய ஆடினது ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள வந்துது. கொழும்புச் சனம் கதிரையில இருந்து கைதட்டிச்சுது. நல்ல காரியம். ஆனால் களரி எண்டால் நாலு பக்கமும் சனம். வட்டம் சுத்தினால்தான் எல்லாருக்கும் முகம் தெரியும். எட்டுப் போட்டால்தான் எல்லாப் பக்கமும் முறை வரும். பெட்டி மேடையில சனம் ஒரு பக்கம் மட்டும்தான். வட்டம் அங்க அலங்காரம். களரியில அது தேவை. இதைச் சொல்லித்தான் பேந்து சீலாமுனையில சி. ஜெயசங்கரும் ஊராக்களும் கூத்தை ஊருக்குள்ளயே வைச்சு மீளுருவாக்கம் செய்யத் தொடங்கினவை. பழைய கதையையும் ஊரோட இருந்து விவாதிச்சு மாத்தினவை. நீ உந்தச் சொல்லை எங்கயிருந்து எடுத்தாய் எண்டு நான் கேக்கேல்லை.

அங்கத்தை அடியைக் கொண்டுவந்து இஞ்ச ஒட்டிப்போட்டு மாதோட்டப் பாங்கு எண்டு லேபல் அடிக்கிற எண்ணம் இருந்தால் இப்பவே சொல்லு. நான் கோவிக்கமாட்டன். ஷார்ப்பும் அதைத்தான் செய்தவர். ஒட்டின இடத்தைச் சொல்லிப்போட்டு ஒட்டு.

ஒருத்தரும் தேடாத இடம் ஒண்டு சொல்லுறன். தெற்கே சிங்களவர் ஆடின நாடகம எண்ட கூத்து, எங்கட தமிழ் வேதக்காரர் நாடகத்தில இருந்து கரையோரமாய் இறங்கிப் போனது. அதில ஆகப் பழசுகளில ஒண்டு ராஜ துன்கட்டுவ. கதை எங்கட மூவிராசாக்கள்தான். 1956இல சிங்கள நாடகக்காரர் சரச்சந்திர மனமே நாடகம் போடேக்க, அம்பலாங்கொடைப் பக்கத்து குருன்னான்சே எண்ட ஒரு வயசான வாத்தியாரைப் பிடிச்சுத்தான் பாட்டையும் நடையையும் எடுத்தவர். அதைப் பாத்து எங்கட பேராசிரியருக்கு ரோசம் வந்து, அவர் மட்டக்களப்புக்குப் போனவர். நாங்கள் குடுத்த கடன் சுத்திச் சுத்தி வந்திருக்கு, எங்கட வீட்டுப் படலையை மட்டும் தட்டேல்லை. ஒருக்கால் தெற்கே போய், எங்கட ராசாவின்ர கால் அங்க எப்பிடி நடக்குது எண்டு பாத்திட்டு வா.

தஞ்சாவூர்ப் பெரியகோயிலிலயும் இதே கூத்து, கல்லில. மேல்தளத்தில 108 நாட்டியக் கரணம் செதுக்க வெளிக்கிட்டு 81ஓட நிண்டுபோச்சு. மிச்சத்துக்குக் கல்லு வெறுமையாய்க் கிடக்கு. நாட்டியக்காரி பத்மா சுப்பிரமணியம் அதுகளைப் பாத்து, இது நிக்கிற நிலை இல்லை, ஒரு அசைவின்ர நடுவில பிடிச்ச ஒரு கணம் எண்டு சொல்லி, முன்னுக்கும் பின்னுக்கும் என்ன நடந்திருக்கும் எண்டு தன்ர உடம்பால ஆடித் தேடினவ. ஏற்காதவையும் இருக்கினம், ஏற்றவையும் இருக்கினம். நான் அவவின்ர பக்கம். ஆடிப் பாக்காமல் சண்டை பிடிக்கிறவையைவிட, ஆடிப்போட்டுச் சண்டை பிடிக்கிறவை மேல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். இப்பத்தைய ஆடத் தெரியாதவன் ஆவணம் காணாது எண்டுறான்.

இனி என்ரை வித்தையைச் சொல்லித்தாறன், காசு வேண்டாம்.

கிழவரிட்டைப் போய் அடியைக் காட்டுங்கோ எண்டு கேக்காதை. கேட்டால் மறந்துபோச்செண்டு சொல்லுவினம், இல்லாட்டி உனக்குப் பிடிச்ச மாதிரி ஏதும் காட்டுவினம். நீ போய், இப்பிடித்தானே அப்பு எண்டு பிழையா ஆடிக் காட்டு. நல்லாப் பிழையா ஆடு. அது உனக்குக் கஷ்டமா இராது. பத்து எண்ணமுன்னம் கிழவன் பொல்லை எறிஞ்சுபோட்டு எழும்பும். பிழையைப் பாத்துக்கொண்டு இருக்கிற சக்தி எங்களுக்கு இல்லை. அந்த நேரம் மட்டும் படம் பிடி.

பிடிச்ச படத்தை நம்பவும் வேண்டாம். எனக்கு முழங்கால் மடியாது. நீ என்னைப் பதிஞ்சுகொண்டு போய், மாதோட்டப் பாங்கில முழங்கால் மடிவதில்லை எண்டு கட்டுரை எழுதி, அதை வாசிச்ச பொடியள் எல்லாம் விறைச்ச காலோட ஆடி, முப்பது வருசத்தில என்ரை வாதம் ஒரு மரபாகிப்போடும். இருபது வயசில இந்தக் கால் எவ்வளவு உயரம் எழும்பிச்சுது எண்டதை என்னட்டைக் கேளாதை, நான் கூட்டிச் சொல்லுவன். என்ரை மனுசியிட்டைக் கேள். பொம்பிளையள் களரி ஏறேல்லை, பெண் வேசமும் நாங்கள்தான் கட்டினது. ஆனால் விடிய விடியப் பாயில இருந்து பாத்தவை அவை. அடுத்த நாள் கிணத்தடியில எங்களை மாதிரி ஆடிக் காட்டிப் பகிடி பண்ணினவையும் அவைதான். அடி அந்தப் பகிடிக்குள்ள பத்திரமா இருக்கு. இந்த ஊரில அந்தக் கிழவியளிட்டை இதுவரைக்கும் ஒரு ஆராய்ச்சிக்காரனும் போகேல்லை. தேத்தண்ணி குடுத்த உடன எழும்பி அண்ணாவியார் வீட்டுக்குத்தான் போறாங்கள்.

சீமெந்து மண்டபத்தில பழகாதை. எங்கட அடி மணலில பிறந்தது. மணலில குதிக்காலைக் குத்தினால் கால் புதையும், அடுத்த அடி பிந்தும். அதாலை பாதத்தைப் படுக்க வைச்சு இழுத்து எடுக்கிறது. அதே அடியைச் சீமெந்தில போட்டால் சத்தம் வருமே தவிர ஆட்டம் வராது. இங்கிலீசுக்காரர் மரப் பலகையில ஆடினதுக்கும் புல்லில ஆடினதுக்கும் வித்தியாசம் இராமலே போயிருக்கும்? சப்பாத்தையும் நிலத்தையும் பாராமல் அடியை எழுதிறவன் அரைவாசியைத்தான் எழுதுறான்.

காலுக்கு முன்னம் மத்தளத்தைப் பிடி. தாளக்கட்டை வாயால சொல்லப் பழகு, பேந்து கையால தட்டு, அதுக்குப் பேந்துதான் எழும்பு. அந்தப் பிரெஞ்சுச் சாமி சுரத்துக்குப் பக்கத்தில கால் எழுதின மாதிரி, நீ சொற்கட்டுக்குப் பக்கத்தில கால் எழுது. எழுதேக்க மூண்டு நிற மை வைச்சுக்கொள். அச்சில கிடந்தது கறுப்பு, கிழவன் கிழவி காட்டினது நீலம், நீ இட்டு நிரப்பினது சிவப்பு. கனக்கச் சிவப்பாய் வந்தால் வெக்கப்படாதை, மறைக்காதை. ஷார்ப்பின்ர புத்தகத்தில அந்தச் சிவப்பு இருந்திருந்தால் பேந்து வந்தவைக்கு இவ்வளவு தலையிடி இல்லை.

பெருநாள் இல்லாமல் ஆடிக் காட்டுறதெண்டால் என்னைக் கூப்பிடாதை. திட்டக் காசு முடியிற மாசத்தில, ஹோட்டல் மண்டபத்தில, பதாகைக்கு முன்னால பதினைஞ்சு நிமிசம் எண்டால் எனக்கு அண்டைக்கு வயித்துக்குத்து. கோயில் முன்றிலில, பிள்ளையள் அழ, கடலைக்காரன் கூவ, மத்தளக்காரன் நடுவில வெத்திலை போட எழும்பிப் போகவேணும். ஆட்டம் பிழைச்சால் சனம் சொல்லும். அதைவிடப் பெரிய சோதனைக்குழு உன்ரை பல்கலைக்கழகத்திலயும் இல்லை.

நாளைக்கு வாறாயெண்டால் பின்னேரம் வா, வெயில் சாயட்டும். ஸ்டாண்டை விட்டிட்டு, வேறை ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா. எட்டுப் பின்ன மூண்டு பேராவது வேணும், தனிய ஒருத்தன் பின்னேலாது. பெட்டையள் எண்டாலும் பரவாயில்லை, அவை கெதியாப் பிடிப்பினம். மத்தளம் வங்காலையில ஒருத்தரிட்டை இருக்கு. தோல் தளந்து கிடக்கெண்டு கேள்வி. பஸ் காசும் தோலுக்குக் காசும் உன்ரை திட்டத்தில எந்தத் தலைப்பிலயாவது எழுதிப்போடு. பிரயாணச் செலவெண்டு போட்டால் கேள்வி கேக்காயினம்.

உந்த பிளேன்ரீயைக் குடி, ஆறிப்போகுது. குடிச்சிட்டு எழும்பு, உனக்குத் தெரிஞ்ச மாதிரி ராசா வரவை ஒருக்கால் ஆடிக் காட்டு பாப்பம். இல்லை, மணலில. அங்கால இல்லை, இஞ்ச. ஐயோ, அந்தக் கால் இல்லை மோனை!